நீரோரத்தில் நல்ல சோறு

சிங்கப்பூர் மரினா பேயில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்பவர்கள் எல்லோரும் அந்த 57 மாடி ஹோட்டலின் உச்சியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். அங்கே காசு காட்சிக்கு. தட்டில் இருப்பது கொசுறு. என்னைக் கேட்டால், கரையை விட்டுச் சற்று உள்ளே நடந்து லாவ் பா சாட் போங்கள். 1894-இல் எழுந்த எண்கோண வார்ப்பிரும்புச் சந்தை அது. இருட்டியதும் பக்கத்து பூன் டாட் தெருவில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மேசை போட்டுவிடுவார்கள். இறைச்சியைக் குச்சியில் கோத்து, கரி அடுப்பில் விசிறி விசிறி வாட்டிய சத்தே, தொட்டுக்கொள்ளக் கடலைக் குழம்பு, கூடவே வெள்ளரி, பச்சை வெங்காயம். குச்சி நுனியில் லேசாகக் கருகிய கொழுப்புத் துண்டு வருமே, அதற்காகவே இன்னும் பத்துக் குச்சி சொல்லலாம். முதலில் மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை வையுங்கள். இந்த ஊரில் துண்டு போட்டு இடம் பிடிப்பது அப்படித்தான். குடிக்க? விரிகுடாத் தண்ணீரே, 2008-இல் தடுப்பணை வந்தபின், ஊருக்குக் குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. ஆனால் பீரை வரி போட்டே வறுத்தெடுக்கிறார்கள். சத்தேவுக்குச் சூடான தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய பால் டீதான் தோதான ஜோடி, கொஞ்சம் சர்க்கரை குறைத்துக் கேளுங்கள்.