வெள்ளைச் சேலையும் ஒரு இலட்சம் ரூபாயும்



பெண் பிள்ளை மேடையேறினால் குடும்ப மானம் போய்விடும் என்ற பேச்சை எமது வடமராட்சிக் கிராமங்களில் இன்றும் கேட்கலாம். எங்கள் கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த இசை நாடகங்களில் சந்திரமதியாகவும் வள்ளியாகவும் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. பெண் நடித்தால் அவளுக்குக் 'கூத்தாடி' என்ற பட்டம்தான் மிஞ்சும். அந்த ஏச்சின் நடுவே நின்று, மேடையையே தன் சீவனோபாயமாக்கிக் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அவர்தான் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள். 'ஔவையார்' படத்தில் கோலூன்றி வந்த அந்தப் பாட்டியை எங்கள் அம்மாமார் மறந்திருக்க மாட்டார்கள்.

1908ஆம் ஆண்டு காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் வறிய குடும்பமொன்றில் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். தாய் பாலாம்பாள் பிள்ளைகளை வளர்க்கப் பெரும் பாடுபட்டார். இன்றைய மொழியில் சொன்னால் அது பெண் தலைமை தாங்கிய குடும்பம். சிறுமியின் குரலைக் கேட்டவர்கள் அவரை நாடகக் கம்பனியில் சேர்த்தனர். 'நல்லதங்காள்' நாடகத்தில் பசியால் அழும் பிள்ளையாக நடித்தே அவர் பெயர் பெற்றார். பசி அவருக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமாக இருக்கவில்லை.

அக்காலத்தில் 'ஸ்பெஷல் நாடகம்' என்ற முறை இருந்தது. ஓர் இரவு நாடகத்துக்கு நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' போன்ற நாடகங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் பாயில் இருப்பவருக்கும் கேட்கும்படி பாட வேண்டும். சுந்தராம்பாளின் குரலுக்கு அந்த வல்லமை இருந்தது.

அவரது வளர்ச்சியில் எமது நாட்டுக்கும் பங்குண்டு. இளவயதிலேயே கொழும்புக்கு வந்து இலங்கை மேடைகளில் பெயர் எடுத்தார். 1926இல் கொழும்பிலேதான் புகழ்பெற்ற நடிகர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் முதன்முதலாக இணைந்து நடித்தார். அடுத்த ஆண்டு அவரை மணந்தார். கிட்டப்பாவுக்கு ஏற்கனவே மனைவி இருந்தார். பிறந்த குழந்தையும் தங்கவில்லை. மனக்கசப்புகளும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது சுந்தராம்பாளுக்கு வயது 25 மட்டுமே.

அன்று முதல் அவர் வெள்ளைச் சேலை அணிந்தார். எந்த ஆண் நடிகருடனும் சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். இந்த இடத்தில்தான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஊர் உலகம் பெரும்பாலும் அந்த வெள்ளைச் சேலையை மட்டுமே புகழ்கிறது. அதன் பின் அவர் செய்ததை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

அவர் வீட்டு மூலையில் ஒதுங்கிவிடவில்லை. 'பக்த நந்தனார்' படத்தில் நடிக்க அழைத்தபோது அவருக்கு விருப்பமில்லை. பெரிய தொகை கேட்டால் போய்விடுவார்கள் என்று எண்ணி ஒரு இலட்சம் ரூபாய் கேட்டாராம். படம் எடுத்த அசன்தாஸ் அதற்குச் சம்மதித்துவிட்டார். 1935இல் வெளியான அப்படத்தில் அவருக்குக் கிடைத்தது நந்தனார் என்ற ஆண் வேடம். அவரது உறுதி குலையவில்லை, தொழிலும் நிற்கவில்லை.

பின்னர் அவர் ஏற்ற வேடங்களைப் பாருங்கள். 1940இல் மணிமேகலை, 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். எல்லாமே துணைவன் இல்லாமல் தனித்து நிமிர்ந்து நிற்கும் பெண்கள். தனக்கேற்ற நிபந்தனைகளை வைத்து, அதற்குள் தொழிலை நடத்தினார். சென்னை மாநில சட்ட மேலவை உறுப்பினரானார். 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1980இல் காலமானார்.

உடுப்பிட்டியில் எமது மாதாந்தக் கலந்துரையாடலில் ஒரு சகோதரி கேட்டார்: "மிஸ், அவரைப் பிடிச்சுக்கொண்டு போய் இத்தனை வருசம். பொட்டு வைச்சாலும் கதைக்கினம், வைக்காட்டிலும் கதைக்கினம். நான் என்ன செய்யிறது?" கணவர் இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத பெண்ணுக்கு ஊர் ஒரு நிறத்தைத் தீர்மானிக்க முயல்வது கொடுமை. சுந்தராம்பாளின் வெள்ளை அவராகத் தெரிந்தெடுத்தது. அதை எடுத்துக்காட்டி இன்னொரு பெண்ணுக்கு வெள்ளை உடுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பொட்டு வைப்பதும் விடுவதும் உங்கள் மனதின் முடிவு. சமூகம் விதிக்கும் அடையாளம் வேறு, நாம் ஏற்கும் அடையாளம் வேறு.

அடுத்தது அந்த ஒரு இலட்சம் ரூபாய். எமது சகோதரிகள் பலர் சட்டை தைக்கிறார்கள், பனையோலைப் பெட்டி இழைக்கிறார்கள், மிளகாய்த்தூள் இடித்துக் கொடுக்கிறார்கள். "எவ்வளவு?" என்று கேட்டால் "நீங்கள் பார்த்துத் தாங்கோ" என்பார்கள். அப்படிச் சொன்னால் வாங்குபவர் தன் வசதியைத்தான் பார்ப்பார். துணி, நூல், மின்சாரம், போக்குவரத்து, இவற்றோடு நீங்கள் இருந்த மணித்தியாலங்களையும் ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதற்குக் குறைந்து கொடுத்தால் அது நட்டம். அண்டை அயலில் தைக்கும் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே விலையைத் தீர்மானித்தால், ஒருவரைக் காட்டி மற்றவரின் விலையைக் குறைக்க முடியாது.

விலையைச் சொல்லும்போது குரல் தாழ வேண்டியதில்லை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஒரு பெண் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடினாள். முன்னால் நிற்கும் ஒருவருக்குக் கேட்கும்படி நாம் சொன்னால் போதும்.