நான்காம் மாடியில் அம்மா

பிள்ளைகள் டொரொன்டோவிலும் லண்டனிலும். அம்மா கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நான்காம் மாடியில். லிஃப்ட் பழுதானால் அன்றைக்குக் கோயிலும் இல்லை, சந்தையும் இல்லை. ஆனாலும் முதியோர் இல்லம் என்றதும் ‘சனம் என்ன சொல்லும்’ என்ற பதற்றம்தான் முதலில் வருகிறது.

கொழும்புக்கு முதியோர் இல்லம் புதிதல்ல. மருதானையில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நெடுங்காலமாக ஏழை முதியோரைப் பராமரிக்கிறார்கள்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, கவனிப்பாரற்ற பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புச் செலவு கோரலாம். இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்கினால் மட்டும் போதுமா? இரவில் தாதி உண்டா, அவருக்குத் தமிழ் தெரியுமா, கொட்டாஞ்சேனைக்காரர் வெள்ளிக்கிழமை பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போய்வர முடியுமா? பணம் அனுப்பும் பிள்ளை கட்டணத்துக்கு முன் இவற்றை விசாரிக்கட்டும். முடிந்தால் அம்மாவையே கூட்டிப்போய், ஒரு மத்தியானம் அங்கே சாப்பிடவைத்துப் பார்க்கட்டும்.