கோடு கிழிக்கும் முன்...

நகர் அமைப்பதற்கு அளவுகோலும் வரைதாளும் போதும் என்னும் மயக்கம் ஆட்சியாளரை விட்டு இன்னும் அகன்றபாடில்லை. பொறிஞர் சாலையின் அகலத்தைக் கணிப்பார். சாய்கடையின் சரிவைக் கணிப்பார். அச்சாலை எவர் அடுப்பின்மேல் செல்கின்றது, அவ்வடுப்பு நாளை எங்கே எரியும் என்பதைக் கணிப்பவர் எவர்? அதுவன்றோ குமுகவியலாரின் பணி! அவரையோ, எல்லாம் முடிந்தபின் அழைக்கின்றனர். அல்லது அழைப்பதே இல்லை.

இது தமிழ்நிலம் கேளாத செய்தியன்று. சுகாட்லாந்தில் பிறந்து, உயிரியல் கற்றுக் குமுகவியலுக்கு வந்தவர் பேட்ரிக் கெடிசு. ஆளுநர் பென்ட்லாந்தின் அழைப்பை ஏற்று, 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியுடன் சென்னைக்குப் புறப்பட்டார். வரைவுகளை ஏற்றிவந்த கப்பலைச் செருமானியரின் எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்த அதே எம்டன்தான். அவர் சோர்ந்தாரல்லர். நண்பர்கள் புதிதாகத் திரட்டியனுப்பிய படங்களைக் கொண்டு, 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். மதுரை, தஞ்சை முதலிய ஊர்களின் தெருக்களில் நடந்து நடந்து பார்த்தார். நெருங்கிய குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நேர்ச்சாலை போடுவதே சீர்திருத்தம் என்றிருந்த காலம் அது. இடிக்கப்பட்ட வீட்டார் மறைந்து போவதில்லை. அடுத்த தெருவில் போய் நெருங்குவர். ஆகவே நோய் இடம் மாறுமேயன்றித் தீராது என்று அவர் எடுத்துக்காட்டினார். பாழ்பட்ட சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் காற்றும் மரநிழலும் வரச்செய்து, மற்றவற்றை அப்படியே காக்கச் சொன்னார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைக் குமுகவியல் பேராசிரியராக்கியது.

அவர் சொல்லிப் பல பத்தாண்டுகள் கடந்தபின் சென்னையில் நடந்ததென்ன? கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தவர் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும், 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கடலோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்கும் கொண்டுபோய் விடப்பட்டனர். கூரை கிடைத்தது, மெய்தான். கூலி எங்கே? விடியலில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியவள் பேருந்துக்குக் காத்து நிற்கின்றாள். மீன்காரிக்குக் கடற்கரை எட்டவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி வேறொரு கட்டடத்தின் எட்டாம் மாடியில் இருக்கின்றாள். பாண்டியன் முன் வழக்குரைத்தவள் பெயரை ஊருக்கு வைக்கத் தெரிந்தோர்க்கு, அங்குப் போகவிருந்தோரின் வழக்கைக் கேட்கத் தெரியவில்லை!

இலண்டனின் கீழைப்பகுதி மக்களை ஆராய்ந்து, இடமாற்றம் தாயையும் மகளையும் எவ்வாறு பிரித்தது என்று யங்கு, வில்மட்டு என்னும் இருவர் 1957-இலேயே நூல் எழுதிவிட்டனர். அறியாமல் செய்த பிழை என்று எவரும் சொல்ல முடியாது.

2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் குமுகத் தாக்க மதிப்பீட்டைக் கேட்கின்றது. ஆனால் அது விலைகொடுத்து எடுக்கும் நிலத்திற்கு. புறம்போக்கில் வாழ்ந்தவனுக்கு எடுக்கப்பட நிலமேது?

குமுகவியலாரும் குற்றமற்றவரல்லர். வினாத்தாளுடன் வருவர், பட்டத்திற்கு ஆங்கிலத்தில் எழுதுவர், விடை சொன்னவள் அதனைப் படித்தறிய வழியில்லை.

2008-இல் நடைமுறைக்கு வந்த சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ எல்லையாகக் கொண்டது. மூன்றாம் திட்டத்தில் ஆற்றோரத்துக்கும் கடலோரத்துக்கும் கோடு கிழிக்குமுன், அங்குள்ள ஒவ்வொரு தெருவின் தொழில், உறவு, கடன், பள்ளி ஆகியவற்றைக் குமுகவியலார் எழுதட்டும். எழுதியதைத் தமிழில் அத்தெருவிலேயே படித்துக் காட்டட்டும். மறுப்போர் மறுப்பையும் வரைதாளின் ஓரத்திலேனும் பதியட்டும்.