எந்தக் கைக்கு எந்தக் கட்டை?



பெருநாள் நெருங்கும் வேளையில் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "பிள்ளைக்கு என்ன வாங்கி அனுப்ப?" என்று லண்டனில் இருக்கும் மாமாவோ, கட்டாரில் இருக்கும் வாப்பாவோ கேட்பார். பொம்மை, ஓடுகிற கார் என்ற பதில்களோடு இப்போது 'லெகோ' என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. ஒன்றோடொன்று பூட்டிக் கட்டும் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கட்டைகளைத்தான் சொல்கிறேன். இதே மாதிரியான கட்டைகள் வேறு வேறு பெயர்களிலும் கடைகளில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. விலையோ கொஞ்சமல்ல. ஆகவே எதை வாங்குவது, எதை விடுவது என்று இம்மாதம் பேசுவோம்.

பெட்டியைக் கையில் எடுத்ததும் நாம் பார்ப்பது அதன் மேலுள்ள படத்தை. கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இதைத் தொடப் போகிற கைக்கு வயதென்ன? படத்தில் உள்ளதைக் கட்டி முடித்த பின் இதைக் கொண்டு வேறென்ன கட்டலாம்? பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் வீண் செலவும் இல்லை, வீண் ஆபத்தும் இல்லை.

முதலில் வயது

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் முதலில் வாயில் வைத்துத்தான் பார்க்கும். சாதாரண லெகோக் கட்டை அந்தத் தொண்டையை அடைக்கப் போதும். பெட்டியில் வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும், '0-3' என்ற எண்ணும், குறுக்கே ஒரு கோடும் இருந்தால் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று அர்த்தம். அது அலங்காரத்துக்குப் போட்டதல்ல.

பெட்டி இல்லாமல் கட்டைகள் மட்டும் கைக்கு வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். தடித்த அட்டையைச் சுருட்டி, ஒன்றேகால் அங்குல அகலமும் இரண்டேகால் அங்குல ஆழமும் உள்ள குழல் ஒன்று செய்யுங்கள். அழுத்தாமல் போட்டதும் குழலுக்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தத் துண்டும் கைக்குழந்தை இருக்கும் இடத்தில் ஆகாது. விளையாட்டுச் சாமான்களைச் சோதிக்கும் நிலையங்களும் ஏறத்தாழ இந்த அளவுக் குழாயைத்தான் வைத்திருக்கின்றன.

சின்னவர்களுக்கென்றே 1969இல் வந்தது 'டூப்ளோ' என்னும் பெரிய கட்டை. நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சாதாரணக் கட்டையைப் போல இரு மடங்கு. ஒன்றரை வயதிலிருந்து கொடுக்கலாம். இதில் ஒரு நன்மை, பிள்ளை வளர்ந்து சின்னக் கட்டைக்கு வந்த பிறகும் பெரியது வீணாகாது. சின்னக் கட்டை பெரியதன் மேலே பூட்டும்.

காந்தம் வைத்த கட்டைகளையும் தகடுகளையும் வாங்குவோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வெடித்து, உள்ளே இருக்கும் காந்தங்கள் வெளியே வந்து, பிள்ளை இரண்டை விழுங்கிவிட்டால் அவை குடலின் இரு மடிப்புகளுக்கு ஊடாக ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். வெளிச்சமும் சத்தமும் வருகிற சாமான்களிலுள்ள பொத்தான் பற்றரி இன்னும் பொல்லாதது. உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே சுட்டுப் புண்ணாக்கிவிடும். இவற்றில் எதை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மலத்தோடு வரட்டும் என்றும் காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

அறுபது வருடத்துக் கட்டையும் பூட்டும்

டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுச் சாமான்கள் செய்யத் தொடங்கினார். 1934இல் அதற்கு லெகோ என்று பெயர் வைத்தார். அவர்களுடைய மொழியில் 'நன்றாக விளையாடு' என்ற இரு சொற்களைச் சுருக்கினால் வரும் பெயர் அது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. ஆனால் அவை இறுகப் பிடிக்கவில்லை. கட்டையின் அடியில் குழாய்களை வைத்த பின்னரே பிடிப்பு வந்தது. அந்த அமைப்புக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமை கோரினார்கள். அன்று வார்த்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடு அப்படியே பூட்டும். ஆகவே இது ஒரு பிள்ளையோடு முடிகிற சாமான் அல்ல. மூத்தவனின் கட்டை இளையவளுக்கும், அவளுடையது அவள் பிள்ளைக்கும் போகும்.

இதனால் பழைய கட்டையை ஏளனமாக நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் உள்ளவர்களிடம், அங்கே பிள்ளைகள் வளர்ந்து விளையாடாமல் விட்ட கட்டைகள் இருந்தால் தரச் சொல்லுங்கள். எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று இரண்டரைக் கிராமுக்கும் குறைவு. ஒரு கிலோவில் நானூறுக்கு மேல் வரும். வந்ததும் இளஞ்சூட்டு நீரில் சவர்க்காரம் போட்டுக் கையால் கழுவுங்கள். கொதிநீர் ஆகாது, உருக்குலைந்துவிடும். நமது வெயிலில் நாட்கணக்கில் விட்டால் வெள்ளைக் கட்டை மஞ்சளாகிவிடும். நிழலில் உலர்த்துங்கள். வழிகாட்டிப் புத்தகம் தொலைந்திருந்தாலும் கவலையில்லை. பெட்டியின் இலக்கம் தெரிந்தால் அந்தக் கொம்பனியின் இணையத் தளத்திலேயே பெரும்பாலான புத்தகங்களை இலவசமாகப் பார்க்கலாம்.

மலிவான வேறு கொம்பனிக் கட்டைகளை வாங்கலாமா என்று கேட்பீர்கள். பழைய காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. கட்டையின் வடிவத்தை வியாபாரக் குறியாகவும் தனக்கே வைத்துக்கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. ஆகவே சொந்தப் பெயரில் பொருந்தும் கட்டை செய்வதில் தவறில்லை. லெகோவின் பெயரையும் பெட்டியையும் அப்படியே பிரதி பண்ணி விற்பது வேறு கதை, அது ஏமாற்று.

நல்லதைக் கண்டுபிடிக்கக் கடையிலேயே மாதிரி ஒன்றைக் கேளுங்கள். ஏழெட்டுக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். உதிரக் கூடாது. பிறகு பிள்ளையிடம் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்கள். பல்லால் கடித்துத்தான் கழற்ற வேண்டுமென்றால் அதுவும் ஆகாது. ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருக்கக் கூடாது. மூக்கைத் துளைக்கும் மணம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படம் முடிந்த பிறகு

ஒரு படக் கதையின் கப்பலோ விமானமோ உள்ள பெட்டி பார்க்க அழகு. பிள்ளை இரண்டு நாளில் கட்டி முடிக்கும். பிறகு அது அலுமாரியில் ஏறும். உள்ளே இருப்பதில் பல, அந்தக் கப்பலுக்கு மட்டுமே உதவும் விசேஷத் துண்டுகள். துண்டின் எண்ணிக்கையைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். ஆயிரம் என்று போட்டிருப்பதில் நெல்லுமணி போன்ற துண்டுகளே பாதியாக இருக்கலாம்.

முதல் பெட்டியாக, சாதாரண எட்டுக் குமிழ், நான்கு குமிழ்க் கட்டைகளும், கொஞ்சம் சில்லும், யன்னலும், கதவும் கலந்ததை வாங்குங்கள். ஒரே நிறத்தில் ஆறே ஆறு எட்டுக் குமிழ்க் கட்டைகளை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாகப் பூட்டலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆறுக்கே இவ்வளவென்றால் இருநூறுக்கு எவ்வளவு! பெட்டியோடு, கட்டிடம் நிற்க ஒரு அடித்தட்டும் வாங்குங்கள். முப்பத்திரண்டு குமிழ்த் தட்டு பத்து அங்குலச் சதுரம். பத்து வயதைத் தாண்டி, இயந்திரத்தில் ஆசையுள்ள பிள்ளைக்குப் பற்சில்லும் அச்சும் உள்ள 'டெக்னிக்' வகை பொருந்தும். அது 1977இல் வந்தது.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டை ஆண்பிள்ளைக்கு, சமையல் சாமான் பெண்பிள்ளைக்கு என்று பிரித்துவிடாதீர்கள். படத்தைப் பார்த்து உருவத்தை மனதில் திருப்பிப் பார்ப்பதும், எண்ணுவதும், சரிவராததைக் கழற்றி மீண்டும் பூட்டுவதும் இருவருக்கும் வேண்டிய பழக்கம்.

சின்ன மனித உருவங்கள் வருகின்றனவே, ஆகுமா என்று கேட்கும் சகோதரிகளும் உண்டு. ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் சிறுவயதில் பொம்மைகள் வைத்து விளையாடியது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வந்திருக்கிறது. அதை வைத்துச் சிறுவர் விளையாட்டுக்கு இடமுண்டு என்று உலமாக்கள் பலர் சொல்வர். அலங்காரத்துக்கு வைப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மனம் ஒப்பாதவர்கள் உருவங்களை எடுத்து வைத்துவிட்டாலும் கட்டைக்கு ஒரு குறையும் வராது.

பெரியவர்களுக்கும் உண்டு

பெரியவர்கள் கட்டும் பெட்டிகளுக்கு 2020 முதல் '18+' என்று போடுகிறார்கள். உள்ளே ஆபத்தானது இருக்கிறது என்று அர்த்தமல்ல, பொறுமை வேண்டும் என்று அர்த்தம். 2008இல் வந்த தாஜ்மஹால் பெட்டியில் 5,922 துண்டுகள். 2022இல் வந்த ஈபிள் கோபுரத்தில் 10,001. உங்கள் வீட்டில் அப்படி ஆசையுள்ள கணவரோ தம்பியோ இருந்தால், அல்லது அந்த ஆசை உங்களுக்கே இருந்தால், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முதலிலேயே பத்தாயிரம் துண்டில் கைவைக்காமல் ஐந்நூறில் தொடங்குங்கள். கண்ணாடிக் கதவுள்ள அலுமாரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தூசு துடைப்பதே வேலையாகிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் உற்பத்தி நின்று விலை ஏறும் என்று ஆசை காட்டுவோரை நம்பிக் கடன்பட வேண்டாம். பெரியவரின் பெட்டியும் பிள்ளையின் பெட்டியும் கலக்காமல் இருப்பது வீட்டின் நிம்மதிக்கு நல்லது.

தச்சரிடமும் கேட்கலாம்

பிளாஸ்டிக் வாங்க வசதியில்லையே என்று யாரும் குறைப்பட வேண்டாம். ஜெர்மனியில் புரோபல் என்ற கல்வியாளர், பாலர் பள்ளி என்ற எண்ணத்தைத் தொடக்கி வைத்த காலத்திலேயே, எட்டுச் சிறு மரக் கனங்களைச் சேர்த்து ஒரு பெரிய கனமாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பெயர்பெற்ற அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் தாய் வாங்கித் தந்த அந்தக் கட்டைகளைக் கடைசிவரை நினைவுகூர்ந்தார்.

அமெரிக்காவில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை அமைத்த கட்டைகளின் அளவு இன்றும் பாலர் பள்ளிகளில் உண்டு. நீளம் ஐந்தரை அங்குலம், அகலம் இரண்டே முக்கால், தடிப்பு ஒன்றே முக்காலே அரைக்கால் அல்ல, ஒன்றும் மூன்று அரைக்காலும், அதாவது அகலத்தில் சரிபாதி. ஒவ்வோர் அளவும் முந்தியதில் பாதியாக இருப்பதால் இரண்டு சேர்ந்தால் ஒன்றுக்குச் சமன். பின்னக் கணக்கு கையாலேயே வந்துவிடும். ஊர்த் தச்சரிடம் பூவரசு, வேம்பு வெட்டுத்துண்டுகள் மிஞ்சும். ஐம்பது கட்டை அரிந்து, விளிம்பை மழுக்கி, அரத்தாள் போட்டுத் தரச் சொல்லுங்கள். பனைமரம் வேண்டாம், அதன் கறுப்பு நார் கையில் ஏறும். வர்ணமும் வேண்டாம்.

எந்தப் பெட்டியிலும் இல்லாத வீடு

கடைசிக் கேள்வி, பக்கத்தில் யார் இருப்பார் என்பது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டார்கள். சோனகதெருவை விட்டுப் போன குடும்பங்களில் பல புத்தளத்தில் வேரூன்றின. 2002க்குப் பிறகும் 2009க்குப் பிறகும் சிலர் திரும்பி வந்து, கூரையும் கதவும் போன சுவர்களைக் கண்டார்கள். அந்த வீடுகளில் வாழ்ந்த உம்மம்மாமாரும் வாப்பும்மாமாரும் நம்மிடையே இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவற்றை முழுதாகக் கண்டதில்லை.

ஒரு மாலைப் பொழுதில் பிள்ளையையும் கட்டைப் பெட்டியையும் அவர்கள் பக்கத்தில் இருத்துங்கள். கிணறு எந்தப் பக்கம், குசினிக்கு எத்தனை யன்னல், படலை எந்த ஒழுங்கையைப் பார்த்திருந்தது என்று பிள்ளை கேட்கட்டும். அவர்கள் சொல்லச் சொல்லக் கட்டட்டும். "இல்ல மகன், திண்ணை இன்னும் நீளம்" என்றால் கழற்றிப் பூட்டட்டும். அந்த வீட்டை எந்தக் கொம்பனியும் பெட்டியில் போட்டு விற்காது. அதற்குத்தான் படமில்லாத வெறும் கட்டைகள் வேண்டும் என்கிறேன்.

சுவர் கட்டும்போது மேசன் செய்வதையும் காட்டிக் கொடுங்கள். முற்றத்தில் அரிந்த சீமெந்துக் கல்லை அவர் வரி வரியாக வைக்கும்போது, கீழ்ப் பொருத்துக்கு நேரே மேற்பொருத்து வராமல் பாதி தள்ளி வைப்பார். நேருக்கு நேர் அடுக்கிய சுவர் தட்டினால் பிளக்கும், தள்ளி வைத்தது ஒன்றையொன்று பிடித்து நிற்கும். பிளாஸ்டிக் கட்டைக்கும் அதே விதிதான்.

முடிந்ததும் பொறுக்குவதற்கு ஒரு வழி. விளையாடும்போதே பழைய படுக்கை விரிப்பொன்றை விரித்துவிடுங்கள். நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் எல்லாம் பைக்குள் போய்விடும். இல்லாவிட்டால் சுபஹுக்கு எழும்பும்போது முதற்கட்டை உங்கள் உள்ளங்காலில்தான் ஏறும்.