வேலிக்கு வெளியே விழும் சாம்பல்

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கடலூர் மாவட்டம்.
பொருள்: நெய்வேலியின் கழிவுகள்.

நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. கரியை அடையும் முன்பே நிலத்தடி நீரை இறைத்தாக வேண்டும். கரி எரிந்த பின் சாம்பல் மிஞ்சுகிறது. கரியால் பிழைக்க வந்தவர்களின் ஊரில் வீட்டுக் குப்பை சேர்கிறது. இந்த நான்கும் வெவ்வேறு அலுவலகங்களில் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. சுரங்கம், அனல்மின் நிலையம், டவுன்ஷிப் மூன்றையும் என்.எல்.சி. இந்தியா நிறுவனம் நிர்வகிக்கிறது. சுற்றியுள்ள ஊர்கள் ஊராட்சிகளிடமும் பேரூராட்சியிடமும் இருக்கின்றன. மண்ணும் சாம்பலும் நீரும் இந்த எல்லைகளுக்குக் கட்டுப்படுவதில்லை. எல்லையின் இரு பக்கமும் அதிகாரம் செல்லும் பதவி மாவட்ட ஆட்சித் தலைவருடையது என்பதாலேயே இம்மடல் அவருக்கு எழுதப்படுகிறது.

முதலில் மண். கரிப் படுகை தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 1957இல் தொடங்கிய முதல் சுரங்கத்தில் கரி கண்ணில் பட்டது 1961இல்தான். இடைப்பட்ட நான்காண்டுகளும் மண் அள்ளுவதிலேயே கழிந்தன. அப்படி அள்ளிக் கொட்டியவை மேடுகளாயின. இன்று தோண்டும் மண்ணில் பெரும்பகுதி கரி எடுத்து முடித்த குழிக்கே திரும்பிப் போகிறது. மேடுகளில் மரம் வளர்த்திருப்பதும், அகற்றிய மண்ணிலிருந்து கட்டுமான மணல் பிரிக்கத் தொடங்கியிருப்பதும் நல்ல வேலைகளே. ஆனாலும் வேர் பிடிக்காத சரிவு எங்கிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கரைந்து ஓடும்.

அது ஓடிச் சேரும் இடங்களில் ஒன்று வாலாஜா ஏரி. சுரங்கப் பக்கமிருந்து நீரோடு வந்த களிமண்ணும் கரித்தூளும் படிந்து, ஏரி இருந்த இடமே தெரியாத அளவுக்கு அது தூர்ந்துபோனது. ஆயக்கட்டு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, 2010களில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியாலும் நிறுவனத்தின் நிதியாலும் தூர்வாரப்பட்டு மீண்டும் நீர் பிடித்தது. ஆட்சியரகம் முனைந்தால் எது முடியும் என்பதற்கு மாவட்டத்திலேயே இருக்கும் சான்று இது. ஆனால் தூர்வாருவது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையல்ல. வண்டல் வரும் வாய்க்காலின் தலைப்பில் படிவுத் தொட்டிகள் சீராக இயங்கி, அவற்றில் சேரும் சேறு மழைக்கு முன் அள்ளப்படாவிட்டால் ஏரி மறுபடி தூரும். அடுத்து இருப்பது பரவனாறு, அதற்குக் கீழே பெருமாள் ஏரி. சுரங்கத்துக்காக அந்த ஆற்றைத் திசைதிருப்பும் மாற்றுக் கால்வாய்க்காகத்தான் 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. மாவட்டம் அதை மறந்திருக்காது.

நெய்வேலியில் நீரும் கரியும் பிரிக்க முடியாதவை. 1930களில் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு சேர்ந்தே கறுப்புப் பொருள் மேலே வந்தது. கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். இறைத்த நீர் மின் நிலையங்களுக்கும் ஊருக்கும் பயன்படுகிறது; சென்னைக்கும் போகிறது. அதே நீரை நம்பிக் கிணறு வெட்டிய சுற்றுவட்டார விவசாயி ஆழ்துளைக் குழாயை மேலும் மேலும் கீழே இறக்குகிறார். அது அவர் கைப்பணத்தில் நடக்கிறது.

இனிச் சாம்பல். இந்தியாவின் மற்ற அனல்மின் நிலையங்களில் எரியும் உள்நாட்டு நிலக்கரியில் பெரும்பாலும் நூற்றுக்கு 30 பங்குக்கு மேல் சாம்பல் இருக்கும். நெய்வேலிக் கரியில் மிகக் குறைவு. இதைப் பெருமையாகச் சொல்வதுண்டு, சொல்லலாம். ஆனால் இந்தக் கரியில் பாதியளவு ஈரம். வெப்பத் திறன் குறைவானதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரிக்க வேண்டிய கரி அதிகம். ஆண்டுக்கு 2 கோடி டன் எரிந்து, நூற்றுக்கு ஐந்து பங்கே சாம்பல் என்று வைத்தாலும் 10 லட்சம் டன் ஆகிறது.

சாம்பல் இரு வகைப்படும். புகையோடு மேலெழுந்து மின்வடிகட்டியில் பிடிபடுவது பறக்கும் சாம்பல். கொதிகலனின் அடியில் விழுவது அடிச்சாம்பல். அது நீரில் கரைக்கப்பட்டுக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போகிறது. நெய்வேலியின் பறக்கும் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. நீர் பட்டால் தானே இறுகும். சிமெண்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் அது சரக்கு. மூடாத லாரியிலிருந்து பறந்து சாலையோரக் குடிசையின் கூரையிலும், காயப்போட்ட துணியிலும், குழந்தையின் மூச்சுக்குழாயிலும் படியும்போது அதே சாம்பல் வெறும் கழிவாகிவிடுகிறது.

சாம்பலைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று மத்திய அரசு முதலில் 1999 செப்டம்பரில் அறிவிக்கை வெளியிட்டது. 2021 டிசம்பர் 31 அறிவிக்கை மேலும் கடுமையானது: பயன்படுத்தாமல் விட்ட சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு, குளங்களில் ஏற்கெனவே தேங்கியிருப்பதைப் பத்தாண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும். பழுப்பு நிலக்கரி நிலையங்களும் இதற்குள் அடக்கம். நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டப்பட்ட 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் 1962 முதல் 2020 வரை ஓடி மூடப்பட்டது. நிலையம் மூடப்பட்டாலும் 58 ஆண்டுச் சாம்பலின் கணக்கு மூடப்படவில்லை. குளத்தின் கரை பலமாக இருக்கிறதா என்ற கேள்வியும் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல: 2020 ஏப்ரலில் மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலி வட்டாரத்தில் சாசன் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளக் கரை உடைந்து ஆறு பேர் இறந்தார்கள்.

கரைக்குள் அடங்கி நிற்கும் சாம்பலும் நிலத்தடிக்குக் கசியக்கூடியது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வு, நெய்வேலியை அடுத்த வடக்கு வெள்ளூரில் எடுத்த நீரில் பாதரசம் வரம்பைவிடப் பல மடங்கு இருப்பதாகச் சொன்னது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொண்டது. வழக்கு எப்படி முடிந்தாலும், அந்தக் கிணற்று நீரில் சோறு வடிக்கும் குடும்பத்துக்குத் தேவை ஒரே ஒரு தாள்: இந்த மாதம் இந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று தமிழில் எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியது.

வீட்டுக் குப்பைக்கு வந்தால், டவுன்ஷிப்பின் வட்டங்களில் மரநிழல் சாலைகள் அன்றாடம் பெருக்கப்படுகின்றன. டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டைத் தாண்டினால் இந்திரா நகர், வடக்குத்து, மறுபுறம் மந்தாரக்குப்பம். ஒப்பந்தத் தொழிலாளிகளும் சிறு வணிகர்களும் நெருங்கி வாழும் இடங்கள் இவை. நகரத்தின் அளவுக்குக் குப்பை சேர்கிறது. அதைக் கையாள ஊராட்சியிடமும் பேரூராட்சியிடமும் உள்ள பணம் மட்டுமே இருக்கிறது. குறைந்த ஊதியத்தில் தூய்மைக் காவலர்கள் தள்ளுவண்டியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் தொழில் நகரியங்களையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்தன. குப்பையைப் பதப்படுத்த இடம் ஒதுக்குவதையும், உள்ளாட்சிகளின் பணியைக் காலாண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு செய்வதையும் மாவட்ட ஆட்சித் தலைவரின் கடமை என்று எழுதி வைத்தன. டவுன்ஷிப்பின் மக்கும் குப்பையும் வடக்குத்தின் மக்கும் குப்பையும் ஒரே உரக்கூடத்துக்குப் போகத் தடையாக இருப்பது நிர்வாக எல்லை மட்டுமே.

ஆகவே கோரப்படுவது, அந்தக் காலாண்டு ஆய்வில் நான்கு கழிவுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது. நிறுவனம், டவுன்ஷிப் நிர்வாகம், கெங்கைகொண்டான் பேரூராட்சி, வடக்குத்து உள்ளிட்ட ஊராட்சிகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீர்வளத் துறை, பொது சுகாதாரத் துறை ஆகியவை அதில் உட்கார வேண்டும். எத்தனை டன் சாம்பல் வந்தது, எங்கே போனது, குளத்தில் எவ்வளவு மிச்சம், படிவுத் தொட்டிகள் எப்போது தூர்வாரப்பட்டன, எந்தக் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்ற கணக்கு கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும். சாம்பலால் வரக்கூடிய மூச்சு நோய்க்கும் பாதரசத்தால் வரக்கூடிய சிறுநீரக நோய்க்கும் பரிசோதனை நிறுவன ஊழியர்களோடு நிற்காமல் அண்டை ஊர்களுக்கும் நடக்க வேண்டும். முதல் கூட்டத்தைக் கடலூரில் நடத்தாமல், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், வடக்கு வெள்ளூரில் நடத்தினால் அதிகாரிகள் அந்த ஊர் நீரை நேரில் பார்க்க முடியும்.