அடுத்த எண் என்னன்னு கேக்காதீங்கய்யா!

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. கணக்குன்னா அலர்ஜின்னு ஓடிடாதீங்க, வகுத்தல் தெரிஞ்சா போதும் :)

போட்டித் தேர்வுன்னா போதும், "2, 3, 7, 25, 121... அடுத்த எண் என்ன?"ன்னு ஒரு கேள்வி. இங்க அருள்புரத்துல பனியன் கம்பெனில ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி உக்காந்து பசங்க இதைத்தான் உருப்போடறாங்க. இது கணக்கே இல்லைங்கிறது என் கட்சி. நாலு எண்ணைப் பாத்து அஞ்சாவதைச் சொல்றதுக்குப் பேரு ஜோசியம்.

மீதிக் கணக்கு எங்க ஊர்க்காரனுக்குப் புதுசில்லை. நிட்டிங் மெஷின்ல 72 ஃபீடர் ஓடுது, அஞ்சாவதுல நூல் மோசம்னு வைங்க. துணியில 5, 77, 149வது வரிசைல கோடு விழும். எதை 72ஆல வகுத்தாலும் மீதி 5. அவ்ளோதான் விஷயம்.

இப்போ மேல சொன்ன வரிசைக்கு வருவோம். 1லருந்து ஒரு எண் வரை பெருக்கி, 1 கூட்டணும். 3க்கு 7. நாலுக்கு 25. வர்ற எண்ணோட பகா வகுஎண்ணை எடுத்து, ஆரம்பிச்ச எண்ணால வகுங்க. 3க்கு 7, மீதி 1. நாலுக்கு 5, மீதி 1. அஞ்சுக்கு 121, அதாவது 11×11, மீதி 1. ஆறுக்கு 721, அதாவது 7×103. ரெண்டுக்குமே மீதி 1. ஏழுக்கு 5041, அதாவது 71×71, மீதி 1.

எப்பவுமே இப்படித்தானான்னு கேட்டவர் எஸ்.எஸ். பிள்ளை. 1901ல குற்றாலம் பக்கத்து வல்லத்துல பிறந்தவர், 1929லருந்து 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்தவர்.

2லருந்து 7 வரை மீதி 1, 1, 1, 1, 1, 1. அடுத்தது? நம்ம பையன் கண்ணை மூடிட்டு 1னு டிக் அடிப்பான். எட்டுக்கு வர்றது 40321, அதாவது 61×661. எட்டால வகுத்தா ரெண்டுலயும் மீதி 5!

இப்படி விதியை உடைக்கிற பகா எண்களுக்குத்தான் இன்னிக்கு உலகம் பூரா 'பிள்ளை பகா எண்கள்'னு பேரு. 23, 29, 59, 61, 67, 71னு போகுது. இதுக்கு முடிவே இல்லைன்னும் நிரூபிச்சாச்சு. உலகத்துல விதிவிலக்குக்கு ஒரு தமிழன் பேரு. இங்க அதே விதிவிலக்கை யோசிச்சு வேற எண்ணை எழுதுற பையனுக்கு சைபர். சில தேர்வுல இருக்கற மார்க்கையும் கழிப்பாங்க.

"எளிமையான விதியைத்தான் கேக்கறோம், பையனுக்குத் தெரியாதா?"ம்பீங்க. எது எளிமைன்னு யாருங்க முடிவு பண்றது? கேள்வித்தாள் போட்டவர் மனசுல இருக்கறதைக் கண்டுபிடிக்கறது கணக்கா? விதியைச் சொல்லிட்டு எட்டாவது எண்ணைக் கேளுங்க. இல்லை, ஒரு விதியைக் குடுத்து அது எங்க உடையுதுன்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்றவன்தான் வேலைக்கு ஆவான்.

ஆறு தடவை சரியா வந்ததை நம்பி ஏழாவதை டெஸ்ட் பண்ணாம அனுப்பினா, எங்க சாஃப்ட்வேர் பொழப்புல ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். ஆறு பீஸ் பாத்துட்டு மொத்த லாட்டையும் பாஸ் பண்ற செக்கிங் ஆளை எந்த பனியன் கம்பெனியும் வெச்சுக்காது. பரீட்சைல மட்டும் அதையே திறமைங்கறோம்.

டிஸ்கி: 1, 2, 4, 8, 16... அடுத்தது 32ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, ஒரு வட்டத்து மேல ஆறு புள்ளி வெச்சு, எல்லாத்தையும் கோட்டால இணைச்சு, எத்தனை துண்டுன்னு எண்ணிட்டு வாங்க. 31க்கு மேல வந்தா பேசுவோம் :)