உள்ளடுக்குத் தரவும் அட்டவணை வினாவும்

தரவுகளை அட்டவணையாகப் பகுத்து வைக்கும் உழைப்பு இனி வேண்டுவதில்லை என்றும், வந்தவற்றை ஜேசான் வடிவிலேயே இட்டுவைத்து எஸ்.க்யூ.எல். மொழியால் வேண்டும்பொழுது வினவிக்கொள்ளலாம் என்றும் கணினி பயிலும் நண்பர் பலர் கூறக் கேட்கின்றோம். இக்கூற்றிற் பாதியே உண்மை என்பது எம் கருத்து.

அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருத்தல் வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்த நெறி. எஸ்.க்யூ.எல். அந்நெறியின்மீது எழுந்த மொழி. ஜேசானோ பெட்டிக்குள் பெட்டியாய் அடங்குவது. 2012இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஜேசானை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநூலும் அதற்கு விதி வகுத்தது. ஆகவே இவ்விரண்டையும் இணைத்தல் பிழையன்று. புறத்தேயிருந்து வந்து, வடிவம் அடிக்கடி மாறுந் தரவிற்கு இதனினும் ஏற்ற வழி அரிது.

எனினும் உழைப்பு ஒழியவில்லை, இடம் மாறியது. வைப்பவன் செய்யாது விட்டதனை வினவுபவன் ஒவ்வொரு முறையும் செய்கின்றான்.

ஒரு கல்லூரியின் பதிவேட்டைக் கொள்வோம். மாணாக்கர் ஒருவர்க்கு ஒரு வரிசை. அவர் எழுதிய பாடங்கள் யாவும் அவ்வரிசையில் ஒரு ஜேசான் பட்டியலாய் அடங்கியுள்ளன. பட்டியலை விரிக்க ‘ஜேசான்பி_அரே_எலிமெண்ட்ஸ்’ என்னும் செயற்கூறு உண்டு. (தொகைநிலைத் தொடரை விரித்துப் பழகிய எம்மனோர்க்கு இது புதிதன்று, விரிக்கும்பொழுதே பொருள் மயங்கும் என்பதும் புதிதன்று.) ஐந்து பாடம் எழுதியவர் ஐந்து வரிசையாவார். அந்நிலையிற் கட்டணத்தைக் கூட்டினால் அவர் கட்டணம் ஐந்து மடங்காகும். பாடமொன்றும் எழுதாதவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் பட்டியல் வெறுமையாதலின், விடையினின்று அவர் பெயரே மறைந்துவிடும். தேர்வுக்கு வாராதார் யாவர் என்று தேடுபவனுக்கு வேண்டியவர் அவரேயன்றோ! ‘லெஃப்ட் ஜாயின் லேட்டரல்’ என்று எழுதினாலன்றி அவர் மீளார்.

மதிப்பெண்ணை இரட்டை அம்புக்குறியால் எடுத்தால் எழுத்துச் சரமாகவே வரும். அதனை எண்ணாக மாற்றாது ‘35’ என்னுஞ் சரத்தோடு ஒப்பிடின், 1 என்பது 3க்கு முற்பட்டதாகலின், நூறு பெற்றவர் முப்பத்தைந்துக்குக் குறைந்தவராய்த் தோல்வியுறுவார். நிரலின் பெயரைத் தவறாக எழுதினால் தரவுத்தளம் உடனே மறுக்கும். ஜேசானுள் இருக்கும் பெயரைத் தவறாக எழுதினாலோ மறுப்பின்றி வெறுமையை விடையாகத் தரும். கூச்சலிடும் பிழையைத் திருத்தலாம். வாய்திறவாப் பிழை அறிக்கையேறி, ஒருவருடைய உதவித்தொகையை நிறுத்திவிடக் கூடும்.

2024இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 17இல் உள்ள ‘ஜேசான்_டேபிள்’ இக்குறையைச் சிறிது நீக்குகின்றது. குறித்த பெயர் காணப்படாவிடிற் பிழை எழுப்புக என ஆணையிட அதில் இடமுண்டு. ஆயினும் நாம் ஆணையிட்டாலன்றி அதுவும் வெறுமையே தரும்.

எனவே பதிவெண், கட்டணம், மதிப்பெண் போல் நாடோறும் வினவப்படுவனவற்றைத் தனி நிரல்களிலும் தனி அட்டவணைகளிலும் வைத்தல் வேண்டும். எப்பொழுதோ ஒருமுறை வேண்டப்படுவன ஜேசானுள் இருக்கட்டும். விரிக்குமுன் மாணாக்கர் எத்துணையர், விரித்தபின் எத்துணையர் என்று எண்ணிப் பார்க்கும் வினாவை எழுத ஒரு நிமிடமும் ஆகாது.